முழு உடல் ஸ்கேனும் நமது நல நிதியும்

சென்ற மாதச் செயற்குழுக் கூட்டத்தில் ஒரு கடிதம் படிக்கப்பட்டது. பெருநகர் ஒன்றில் இயங்கும் ஸ்கேன் மையம் நமது சங்கத்துக்கு எழுதியது. பளபளப்பான தாளில், வண்ணப் படத்தோடு வந்திருந்தது. உச்சந்தலை முதல் தொடை வரை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து, எந்த அறிகுறியும் தலைகாட்டும் முன்பே உடம்பில் எங்காவது புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார்களாம். வெளியில் ரூ.25,000 ஆகும் பரிசோதனை, சங்க உறுப்பினர்களுக்கு ரூ.14,000 மட்டுமே. குறைந்தது 200 பேர் சேர வேண்டும். சேரும் ஒவ்வொருவருக்கும் ஒரு தொகையைச் 'சங்க வளர்ச்சிக்கு' என்று திருப்பித் தருவதாகவும் கடைசிப் பாராவில் கண்டிருந்தது.

குழுவில் பெரும்பாலோருக்கு இது பிடித்துப் போயிற்று. ஆளுக்கு ரூ.4,000 வீதம் நல நிதியிலிருந்து கொடுத்து உதவலாம் என்ற யோசனையும் அங்கேயே எழுந்தது. 200 பேருக்கு 8 லட்சம் ரூபாய். பொதுக்குழுவில் வைத்து முடிவெடுப்பது என்று தீர்மானமாயிற்று. அதற்குள் நமது கருத்தைச் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம். நாம் இந்தத் திட்டத்தை எதிர்க்கிறோம். காரணங்களைப் பொறுமையாகப் படித்துப் பார்த்து, தவறு என்று பட்டால் பொதுக்குழுவில் எழுந்து தாராளமாகச் சொல்லலாம்.

உறுப்பினர்களின் ஆசை நமக்குப் புரியாத ஆசையல்ல. சங்கக் கட்டடத்தின் முன்னால் கடந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை கண்ணீர் அஞ்சலித் தட்டிகள் வைத்தோம் என்று எண்ணினால் மனம் கனக்கிறது. வயிறு மந்தமாக இருக்கிறது என்று சோடா குடித்துக்கொண்டிருந்த அரிசி வியாபாரிக்குக் கணையத்தில் புற்று என்றார்கள். நான்கே மாதம். கல்லாவில் அவர் உட்கார்ந்த நாற்காலியில் இன்று கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்ட மகன் உட்கார்ந்திருக்கிறான். காலை 6 மணிக்குக் கதவைத் தூக்கி இரவு 10 மணிக்கு இறக்குகிறவர்கள் நாம். மாதச் சம்பளக்காரர்களைப் போல மருத்துவ விடுப்பு நமக்குக் கிடையாது. முன்கூட்டியே தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமே என்ற எண்ணம் யாருக்குத்தான் வராது? அந்த எண்ணத்தின் மேல்தான் இந்த வியாபாரமும் நடக்கிறது.

முதலில் கருவிக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். உடம்பில் உள்ள தண்ணீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்களைப் பெரிய காந்தத்தின் நடுவில் வைத்து, வானொலி அலையை அனுப்பி, அவை திருப்பித் தரும் சமிக்ஞையைப் படமாக்குகிற இயந்திரம் எம்.ஆர்.ஐ. இதற்கு வழி கண்ட பால் லாட்டர்பர், பீட்டர் மான்ஸ்ஃபீல்டு இருவருக்கும் 2003இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் போல இதில் கதிர்வீச்சு இல்லை என்று கடிதத்தில் எழுதியிருப்பது உண்மைதான். மூளைக் கட்டியோ முதுகுத்தண்டுக் கோளாறோ இருப்பதாகச் சந்தேகப்பட்டு மருத்துவர் எழுதிக் கொடுத்தால் இதைப் போல உதவுவது வேறில்லை. நமது சண்டை கருவியோடு அல்ல. ஒரு நோவும் இல்லாதவரைக் கூட்டிக்கொண்டு போய் அதற்குள் படுக்க வைப்பது பற்றித்தான் கேள்வி.

இது அமெரிக்காவில் கிளம்பிய மோகம். அங்கே 2000ஆம் ஆண்டை ஒட்டி முழு உடல் சி.டி. ஸ்கேன் மையங்கள் மூலைக்கு மூலை முளைத்தன. சில ஆண்டுகளில் பெரும்பாலானவை மூடப்பட்டன. பிறகு எம்.ஆர்.ஐ. அந்த இடத்துக்கு வந்தது. 2023 ஆகஸ்டில் கிம் கர்தாஷியன் என்ற தொலைக்காட்சிப் பிரபலம், பிரெனுவோ என்ற நிறுவனத்தின் ஸ்கேன் கருவிக்கு முன் நின்று படம் எடுத்துப் போட்டதும் உலகமெங்கும் பேச்சாகிவிட்டது. அங்கே விலை ஏறத்தாழ 2,500 டாலர். அன்றைய மதிப்பில் நம் பணம் 2 லட்சத்துக்கும் மேல். அதைப் பார்த்தால் ரூ.14,000 சலுகை விலை என்றுதான் தோன்றும். ஆனால் அதற்கு நான்கு மாதம் முன்னால், 2023 ஏப்ரலில், அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரி ஓர் அறிக்கை விட்டிருந்தது. ஸ்கேன் படங்களைப் பார்த்துச் சொல்வதையே தொழிலாகக் கொண்ட மருத்துவர்களின் சொந்த அமைப்பு அது. அறிகுறியோ குடும்ப வரலாறோ வேறு ஆபத்துக் காரணமோ இல்லாதவர்களுக்கு முழு உடல் ஸ்கேனைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை, அது ஆயுளைக் கூட்டுகிறது என்பதற்கும் ஆதாரம் இல்லை என்று அவர்களே சொன்னார்கள். எண்ணெய்ச் செக்கு வைத்திருப்பவரே 'இவ்வளவு எண்ணெய் உங்களுக்கு வேண்டாம்' என்று சொல்வது போன்றது இது. அப்படிச் சொன்னால் காது கொடுத்துக் கேட்பதுதான் வியாபாரிக்கு அழகு.

இனி, நமக்குப் பழக்கமான முறையில் கணக்குப் பார்ப்போம். எந்த நோவும் இல்லாத 5,373 பேருக்கு முழு உடல் எம்.ஆர்.ஐ. எடுத்த பன்னிரண்டு ஆய்வுகளை ஒன்று சேர்த்து 2019இல் ஒரு தொகுப்பு வெளியாயிற்று. நூறு பேரில் ஏறத்தாழ 32 பேருக்கு, 'இது கவலைப்பட வேண்டியது' அல்லது 'இன்னதென்று சொல்ல முடியவில்லை' என்ற வகையில் ஏதோ ஒன்று தென்பட்டது. நோய் போலத் தோன்றிப் பின்னர் நோய் அல்ல என்று தெரிந்த பொய் எச்சரிக்கை நூற்றுக்கு 16 அளவில் இருந்தது. உண்மையிலேயே புற்றுநோய் என்று உறுதியாகிறவர்கள் இப்படிப்பட்ட ஆய்வுகளில் நூற்றுக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர். அந்த ஒருவர் இருவரிலும் இதனால் உயிர் பிழைத்தவர் எத்தனை பேர் என்பதற்கு இதுவரை யாரும் கணக்குக் காட்டவில்லை.

நமது 200 பேருக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அறுபது பேருக்கு மேல் ஏதோ ஒரு கேள்விக்குறியோடு வீடு திரும்புவார்கள். அவர்களுடைய அடுத்த செலவு எதுவும் அந்த ரூ.14,000க்குள் அடங்கியதல்ல. கேள்விக்குறியைத் தீர்க்கச் சி.டி., பிறகு ரத்தப் பரிசோதனை, அதிலும் தெளியாவிட்டால் ஊசி போட்டுச் சதையை எடுத்துப் பார்ப்பது. கொள்முதலின்போது மூட்டையில் குத்தூசி போட்டு மாதிரி பார்க்கிறோம். கையில் விழுந்த நாலு மணியைப் பார்த்து மூட்டையைத் தேறுதல் சொல்லிவிடுகிறோம். சாக்கில் விழுந்த ஓட்டையை நகத்தால் நிரடினால் மூடிக்கொள்ளும். நுரையீரலிலோ கல்லீரலிலோ போடும் ஊசி அப்படிப்பட்டதல்ல. ரத்தக் கசிவு உண்டு. நுரையீரலில் காற்று இறங்கி மருத்துவமனையில் படுக்க வேண்டி வருவதும் உண்டு. நோய் இருக்கிறவனுக்கு அது எடுக்கத் தகுந்த ஆபத்து. இல்லாதவனுக்கு என்ன அவசியம்?

பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் நமது உறுப்பினர் ஒருவர், வயது 54, மூன்று ஆண்டுகளுக்கு முன் மகன் வற்புறுத்தியதால் வெளியூரில் இந்த ஸ்கேனை எடுத்துக்கொண்டார். பெயர் வேண்டாம், விஷயத்தை எழுதிக்கொள்ளுங்கள் என்று அனுமதி தந்திருக்கிறார். அறிக்கையில் மூன்று குறிப்புகள் இருந்தன. கல்லீரலில் நீர்க்கட்டி. தைராய்டில் ஒரு முடிச்சு. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் ஒன்றரை சென்டிமீட்டர் கட்டி. நீர்க்கட்டி ஒன்றுமில்லை என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். மற்ற இரண்டுக்கும் அலைச்சல் தொடங்கியது. மருந்து ஏற்றி ஒரு சி.டி., இருபத்துநாலு மணி நேரச் சிறுநீரைக் கேனில் பிடித்துக் கொடுத்து ஒரு பரிசோதனை, தொண்டையில் ஊசி. ஊசியின் முடிவு 'தெளிவாக இல்லை' என்று வந்தது. இரண்டு மாதம் கழித்து மறுபடி ஊசி. தீபாவளிக் கொள்முதலுக்கு இந்தூர் சரக்கு பேசி வைத்திருந்தவர், போக முடியாமல் கைவிட்டார். கைக்காசு ரூ.87,000 கரைந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டுமே தொல்லை தராத கட்டிகள், வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும் என்று சொன்னார்கள்.

"அண்ணாச்சி, ஸ்கேன் எடுக்கறதுக்கு முன்னாடியும் எனக்கு ஒண்ணுமில்ல, எடுத்த பெறகும் ஒண்ணுமில்லங்கறாங்க. ஆனா ராத்திரி தூக்கம் மட்டும் வரல" என்று நம்மிடம் சொன்னார். இப்போதும் கல்லாவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கை தானாகத் தொண்டைக்குப் போவதை நாம் கவனித்திருக்கிறோம். மருத்துவக் காப்பீட்டைப் பெரிய தொகைக்கு மாற்றிக்கொள்ள விண்ணப்பம் வாங்கியபோது இன்னொரு சங்கடம். அதில் முன்பு கண்டறிந்த கோளாறுகள் எல்லாவற்றையும் எழுத வேண்டும். எழுதாமல் மறைத்தால் நாளைக்குப் பணம் கேட்கும்போது மறுத்துவிடுவார்கள். எழுதினால் பிரீமியம் கூடும், அல்லது அந்த உறுப்புகளுக்குக் காத்திருப்புக் காலம் விழும். 2024 முதல் அந்தக் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்று விதி வந்திருப்பது ஓர் ஆறுதல். ஆனாலும் ஒன்றுமில்லாத கட்டிக்காக மூன்று ஆண்டு!

'ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் உயிர் பிழைக்கலாம்' என்ற வாசகத்தைக் கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இந்த வாசகம் சில புற்றுநோய்களுக்கு முழு உண்மை. சிலவற்றுக்குப் பொய். இங்கேதான் நம்மில் பலர் வழுக்கி விழுகிறோம்.

தென் கொரியாவில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே 1999இல் அரசு தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அந்தத் திட்டத்தில் இல்லை. ஆனால் பரிசோதனைக்கு வந்தவர்களிடம் மருத்துவமனைகள், 'கொஞ்சம் பணம் கூடக் கொடுத்தால் கழுத்தையும் அல்ட்ரா சவுண்டில் பார்த்துவிடலாம்' என்றன. நம் கடைகளில் சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுப்பது போல அது சுலபமாக ஒட்டிக்கொண்டது. விளைவு, 2011இல் தைராய்டுப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களின் விகிதம் 1993இல் இருந்ததைப் போல 15 மடங்கு. அந்த ஓராண்டில் மட்டும் 40,000 பேருக்கு மேல். தைராய்டுப் புற்றுநோயால் இறந்தவர்கள் எத்தனை பேர்? முன்னும் பின்னும் ஆண்டுக்கு 300 முதல் 400 வரை. ஒரு மாற்றமும் இல்லை. அதாவது கண்டுபிடிக்கப்பட்டவை பெரும்பாலும், கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் அந்த மனிதர் கிழவராகி வேறு காரணத்தால் சாகும் வரை சத்தமில்லாமல் கிடந்திருக்கும். ஆனால் கண்ட பிறகு சும்மா விடுவார்களா? ஏறக்குறைய எல்லாருக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குச் சுரப்பியையே முழுதாக எடுத்துவிட்டார்கள். அவர்கள் வாழ்நாள் முழுதும் மாத்திரை விழுங்க வேண்டும். நூற்றுக்கு 11 பேருக்குக் கால்சியத்தைச் சீராக வைக்கும் சுரப்பி கெட்டது. 2 பேருக்குக் குரல்நாண் செயலிழந்தது. 2014இல் அந்நாட்டு மருத்துவர்கள் சிலரே துணிந்து எச்சரித்த பிறகுதான் அந்த அறுவை சிகிச்சைகள் குறைந்தன.

இங்கிலாந்தில் நடந்தது இதற்கு நேர் எதிர்ப் பக்கம். சினைப்பைப் புற்றுநோயை முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியுமா என்று 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து 2001இல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் ஸ்கேன். 2021இல் முடிவு வந்தது. பரிசோதனை செய்துகொண்டவர்களில் நோயை ஆரம்ப நிலையிலேயே கண்டது கூடியிருந்தது. இறப்பு குறையவில்லை. முந்திக் கண்டுபிடித்தார்கள், ஆனாலும் காப்பாற்ற முடியவில்லை. இருபது ஆண்டு உழைத்த மருத்துவர்களுக்கு எவ்வளவு வேதனையாக இருந்திருக்கும்!

அப்படியானால் 'ஆரம்பத்தில் கண்டவர்கள் ஐந்து ஆண்டுக்கு மேல் வாழ்கிறார்கள்' என்று விளம்பரங்களில் வரும் கணக்கு பொய்யா என்று கேட்கலாம். பொய்யல்ல, தேதி போடும் வித்தை. ஒருவருக்கு 65 வயதில் மரணம் என்று வைத்துக்கொள்வோம். அறிகுறி வந்து 62இல் கண்டால் மூன்று ஆண்டு வாழ்ந்தார் என்று எழுதுவார்கள். ஸ்கேனில் 58இலேயே கண்டால் ஏழு ஆண்டு வாழ்ந்தார் என்று ஆகும். மனிதர் இறந்தது அதே 65இல்தான். புரோ நோட்டில் தேதியை முன்னால் தள்ளிப் போட்டால் கடன் நாள் கூடியது போலத் தெரியும். தவணை நாள் ஓர் அங்குலமும் நகராது. கூடிய அந்த நான்கு ஆண்டுகளும் அவர் நோயாளியாக வாழ்ந்தவை. எனவே ஒரு பரிசோதனை நல்லதா இல்லையா என்பதை, செய்துகொண்ட ஊரிலும் செய்துகொள்ளாத ஊரிலும் எத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ணித்தான் சொல்ல முடியும்.

நமது சங்கத்திலேயே, இப்படி ஒரு ஸ்கேனில் சிறுநீரகத்தில் கட்டி தெரிந்து, அறுவை செய்து நலமாக இருப்பவர் ஒருவர் உண்டு. செயற்குழுவில் இந்தத் திட்டத்துக்காக உருக்கமாகப் பேசியவரும் அவரே. அவர் நம்பிக்கையை மறுக்க நமக்கு உரிமை இல்லை. அந்தக் கட்டி வளர்ந்து அவரைக் கொன்றிருக்கலாம். சிறுநீரகக் கட்டிகளில் சில பல ஆண்டுகள் அப்படியே கிடப்பதும் உண்டு. அவருடையது எந்த வகை என்று எந்த மருத்துவராலும் இனிச் சொல்ல முடியாது. அவர் நலமாக இருப்பதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் ஒருவருக்கு லாபம் வந்த சரக்கை வைத்து 200 பேருக்குக் கொள்முதல் போடலாமா என்பதே கேள்வி.

முழு உடல் எம்.ஆர்.ஐ. உண்மையிலேயே உதவும் ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. லீ-ஃபிராமேனி என்ற பரம்பரைக் கோளாறு உள்ள குடும்பங்களில் பலருக்கு இளம் வயதிலேயே, வெவ்வேறு உறுப்புகளில் புற்று வரும். அவர்களுக்கு ஆண்டுதோறும் இந்த ஸ்கேனும் வேறு பரிசோதனைகளும் செய்து வருவது பலன் தருகிறது என்று கனடாவின் டொராண்டோ மருத்துவர்கள் காட்டியிருக்கிறார்கள். உங்கள் குடும்பத்தில் நெருங்கிய ரத்த உறவில் பலருக்கு, அதுவும் ஐம்பது வயதுக்கு முன்பே, புற்றுநோய் வந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் வேறு வழி சொல்வார். அது குழுச் சலுகையில் வாங்கும் விஷயமல்ல.

இத்தனையும் சொல்லிவிட்டு, 'சோதனையே வேண்டாம்' என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பலன் உண்டு என்று ஊர் ஊராக எண்ணி நிரூபித்த பரிசோதனைகள் உண்டு. அதில் ஒன்று நமது மாவட்டத்திலேயே நிரூபிக்கப்பட்டது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டை அறியாத வியாபாரி இல்லை. அதற்குப் பக்கத்தில் அம்பிளிக்கை. அங்குள்ள சமுதாய நல மையமும், பிரான்சு நாட்டின் லியோன் நகரில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து, 2000ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் ஓர் ஆய்வு தொடங்கின. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை. கருவி என்ன தெரியுமா? நாம் பாட்டிலில் விற்கும் வினிகரின் சாரமான அசிட்டிக் அமிலம், நூற்றுக்கு நான்கு பங்கு கலந்த நீர். பயிற்சி பெற்ற செவிலியர் அதைத் தடவிவிட்டுக் கண்ணால் பார்ப்பார். கெட்டுப்போகத் தொடங்கிய இடம் வெளுத்துத் தெரியும். பெரும்பாலும் அங்கேயே குளிரூட்டிச் சுட்டுவிடுவார்கள். 31,000க்கும் மேற்பட்ட பெண்கள் பரிசோதித்துக்கொண்டார்கள். ஏழு ஆண்டு எண்ணிப் பார்த்ததில், பரிசோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்றுநோய் நூற்றுக்கு 25 குறைவு, இதனால் இறந்தவர்கள் நூற்றுக்கு 35 குறைவு. 2007இல் இங்கிலாந்தின் லான்செட் ஏடு இதை வெளியிட்டது. உலகம் படித்துக்கொண்ட பாடம் நம் ஊர்த் தாய்மார்கள் கொடுத்தது. காந்தமும் இல்லை, குளிர்சாதன அறையும் இல்லை.

திருவனந்தபுரத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005இல் முடிவு வந்தது. மும்பையில் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் கையால் மார்பகத்தைத் தடவிப் பார்த்த ஆய்வில், 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களிடையே அந்தப் புற்றுநோய் இறப்பு நூற்றுக்கு 30 அளவுக்குக் குறைந்தது. இளையவர்களிடம் பலன் தெரியவில்லை என்பதையும் 2021இல் ஒளிக்காமல் எழுதினார்கள். இந்த மூன்றையும் 30 வயது தாண்டியவர்களுக்குச் செய்ய வேண்டும் என்று மத்திய அரசு 2016இல் வழிமுறை வகுத்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்க்கிறார்கள். முழு உடல் எம்.ஆர்.ஐ.யோ வாயின் தோலில் உள்ள வெள்ளைத் திட்டையும் கருப்பைவாயின் தொடக்க மாற்றத்தையும் காட்டாது. குடலுக்குள் இருக்கும் சிறு முளைகளையும் நம்பிக்கையாகக் காட்டாது. முழு உடல் என்ற பெயரில் உள்ள 'முழு' இவ்வளவுதான்.

இனி எழுதப் போவது சிலருக்குக் கசக்கும். சென்ற ஆண்டு இறந்த நமது உறுப்பினர் ஒருவர், பெட்டிக்கடையில் தொடங்கி மூன்று கதவு வைத்த மளிகைக் கடை வரை உயர்ந்தவர், வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உள்ளவர். கன்னத்தின் உட்புறம் ஒரு புண். எட்டு மாதம் கிராம்பு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அந்த எட்டு மாதத்துக்கு நடுவில் அவர் ஓர் ஆய்வகத்தில் ரூ.3,500 கட்டி 'முழு உடல் பரிசோதனை' செய்துகொண்டார். ரத்தத்தில் அறுபது எழுபது கணக்கு எடுத்து, புத்தகமாகத் தைத்துக் கொடுத்தார்கள். வாயைத் திறங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. புத்தகத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்மிடம் காட்டிச் சந்தோஷப்பட்டார். மதுரைக்குக் கொண்டுபோனபோது தாடை வரை ஓடியிருந்தது.

அவர் போட்ட புகையிலை அவர் கடையிலேயே விற்றது. நம்மில் எத்தனை கடைகளில் கல்லாவுக்கு மேலே பீடிக் கட்டும் சிகரெட்டும் தொங்குகின்றன? குட்காவுக்குத் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை. ஆனாலும் கேட்டவருக்கு உள்ளிருந்து எடுத்துக் கொடுக்கும் கடைகள் இல்லை என்று நாம் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா? அதை விட்டால் வாடிக்கை போய்விடும் என்பதும் நமக்குத் தெரியும். இந்தப் பக்கத்தை எழுதுகிறவர்களின் கடையிலும் 2016 வரை பீடி விற்றது. புற்றுநோயைத் தேடிக் காந்தத்துக்குள் நுழைய ரூ.14,000 கொடுக்கத் தயாராக இருக்கிற நாம், அதைக் கட்டுக் கட்டாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே போகிறோம் என்பதை ஒருமுறையாவது சங்கத்தில் பேச வேண்டாமா? கூட்டத்தில் இது பேசப்பட்டதாக நமக்கு நினைவில்லை.

கடைசிப் பாராவுக்கு வருவோம். கமிஷன் நமக்கு அந்நியமல்ல. மண்டியில் கமிஷன் வாங்குகிறோம். அது பட்டியில் எழுதப்படுகிறது, இரு தரப்புக்கும் தெரியும். சரக்கு சரியில்லை என்றால் திருப்பியும் அனுப்பலாம். உறுப்பினரின் உடம்பை அனுப்பிவிட்டுச் சங்கம் வாங்கும் கமிஷனை எந்தப் பட்டியில் எழுதுவது? ஆள் அனுப்பிக் கமிஷன் பெறுவது மருத்துவர்களுக்குக் கூடாது என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் விதிகளே சொல்கின்றன. மருத்துவர் வாங்கக் கூடாததை மளிகைச் சங்கம் வாங்கலாமா? வாங்கிவிட்டால், நாளை ஓர் உறுப்பினர் தொண்டையைத் தடவிக்கொண்டு வந்து நின்றால் எந்த முகத்தோடு அவரிடம் பேசுவோம்? வரிச் சலுகை உண்டு என்று கடிதத்தில் இருப்பதும் அரைகுறை. முன்னெச்சரிக்கைப் பரிசோதனைக்குக் குடும்பத்துக்கு மொத்தமே ரூ.5,000 வரைதான், அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான், காப்பீட்டுப் பிரீமியத்தோடு சேர்த்த உச்சவரம்புக்குள்தான்.

நல நிதி எதற்காகத் தொடங்கப்பட்டது என்பது மூத்த உறுப்பினர்களுக்குத் தெரியும். உறுப்பினர் இறந்தால் காரியம் முடியும் முன் அந்த வீட்டில் ஒரு தொகை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பதற்காக. தீ விபத்தில் கடை போனவருக்கும் கொடுத்திருக்கிறோம். அதில் 8 லட்சம் போனால் பாதிக்குமேல் காலி.

எனவே பொதுக்குழுவில் நாம் கொண்டுவரவிருக்கும் திருத்தம் இது. ஸ்கேன் மையத்துக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதிவிட்டு, கடை விடுமுறை நாட்கள் இரண்டில் சங்க மண்டபத்தில் முகாம் வைப்போம். வாயைப் பார்க்கப் பல் மருத்துவர். ரத்த அழுத்தம், சர்க்கரை. மலத்தில் ரத்தம் போவதை மூலம் என்று சொல்லிக்கொண்டு வருடக்கணக்கில் மறைப்பவர்கள் மனம் விட்டுப் பேச ஒரு தனி அறை. பெண்களுக்கு இரண்டாம் நாள் தனியாக, பெண் செவிலியரைக் கொண்டு. நமது வீட்டுப் பெண்களோடு கடையில் புடைக்கவும் பொட்டலம் கட்டவும் வரும் பெண்களையும் அழைக்க வேண்டும். அவர்களுக்கு அன்று கூலி பிடிக்கக் கூடாது. சுகாதாரத் துறையில் பேசியதில் ஆட்களை அனுப்ப இசைந்திருக்கிறார்கள். பந்தல், சாப்பாடு, வண்டி எல்லாம் சேர்த்து ரூ.60,000க்குள் முடியும் என்று மதிப்பிட்டிருக்கிறோம். புகையிலை விற்பனை பற்றிய விவாதத்தையும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். தலைவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

திருத்தத்தை ஆதரிப்பவர்கள் பொதுக்குழுவுக்கு மூன்று நாள் முன்னதாகச் சங்க அலுவலகத்தில் கையெழுத்திட வேண்டும். ஸ்கேன் மையத்தின் கடிதம், கடைசிப் பாரா உட்பட, அங்கே மேசைமேல் வைக்கப்பட்டிருக்கிறது. யாரும் படித்துப் பார்க்கலாம்.